பூஜையில் வைத்த துப்பாக்கி

அத்தியாயம் 9

பீரோ மேல் துப்பாக்கி இல்லை.

ஜோதிலட்சுமி ஸ்டூலில் ஏறி நின்று இன்னொரு முறை துழாவினாள். உடைந்த குடை கையில் பட்டது. யாரோ கல்யாணத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தின் காலி அட்டைப் பெட்டி பட்டது. நீளமான அந்தக் கறுப்புப் பையை மட்டும் காணோம். அது கிடந்த இடத்தில் தூசி இல்லாமல் ஒரு தடம் இருந்தது.

"பிரியா, என் பை எங்க?"

ஹாலில் கைபேசியோடு படுத்திருந்த மகள் பிரியங்கா கேட்காதவள் போலத் திரும்பிப் படுத்தாள். அதிலேயே ஜோதிக்குப் பாதி விளங்கிவிட்டது.

இந்தக் குடும்பத்தை இப்போதுதான் சந்திக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜோதிக்குச் சிறுசேரியில் ஓர் ஐ.டி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. உள்ளே போகும் பெண்களின் கைப்பையைத் திறந்து பார்த்து மூடுவது. அவளுடைய முகத்தை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. செங்கல்பட்டு ரோட்டில் ஒரு ரைஃபிள் கிளப்பில் பெண்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி என்று போர்டு வைத்தபோது சேர்ந்தவள் பிரியங்கா. ஜோதி சும்மா துணைக்குப் போனாள். மகள் இரண்டாம் வாரமே சலித்துப்போய் நின்றுவிட்டாள். துணைக்குப் போனவள் நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம் அவளுடைய இடது கை. ஜோதி பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. அதற்காகப் பிறந்த வீட்டில் வாங்காத அடி இல்லை. இன்றைக்கும் இடது கையை நீட்டினால் மளிகைக் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். பயிற்சி கொடுக்கும் ரத்னா மேடம், போலீஸ் வேலையிலிருந்து வந்தவர், ஒருவர்தான் சுளிக்கவில்லை. ரைஃபிளை வலது தோளில் வைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்க்க இவள் கழுத்தை வளைத்ததைக் கவனித்தார். உள்ளே போய், இடது கைக்காரர்களுக்கென்றே செய்த தன் சொந்த ஏர் ரைஃபிளைக் கொண்டுவந்தார்.

"எங்க கிளப்ல இது ஒண்ணுதான் இருக்கு. வீட்டுக்குக் கொண்டு போ, குண்டு போடாம பிடிச்சுப் பழகு. உன் கையைத் தவிர இன்னொரு கை இதுல பட்டதுன்னு தெரிஞ்சா திரும்ப வாங்கிடுவேன்."

இன்று மதியம் மூன்று மணிக்குத் தேர்வு. மாவட்டப் போட்டிக்கு மூன்று பெண்களைக் கிளப் அனுப்பப் போகிறது. மூன்றில் ஒருத்தியாக வர வேண்டும் என்று ஜோதிக்கு வெட்கமில்லாத ஆசை. ஆசைப்பட்டுப் பழக்கம் இல்லாதவளுக்கு ஆசை வந்தால் இப்படித்தான், ராத்திரித் தூக்கத்தில்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல, பை எங்கடி?"

"அப்பா காலைலயே எடுத்துகினு போயிட்டாரும்மா. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு." பிரியங்கா எழுந்து உட்கார்ந்தாள். "ஸ்டாண்டுல ஆயுத பூஜை இல்ல? அதுல வெக்கப் போறாராம்."

ஜோதி ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் ஆனந்தனுக்கு மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன். ஜோதி பயிற்சிக்குப் போன இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அவன் 'இன்னிக்கு எப்படிச் சுட்ட' என்று கேட்டதில்லை. கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டிலில் ஏறுகிறவள் துப்பாக்கி பிடிக்கப் போகிறாள் என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்தது வேறு காதுக்கு வந்தது. போன வாரம் அதை வைத்துப் பெரிய சண்டை. அந்தச் சண்டையில் ஜோதி ஒரு வார்த்தை சொன்னாள். "உன் வேனுக்கு நீ குடுக்கற மரியாதைல பாதி என் துப்பாக்கிக்குக் குடுத்திருக்கியா?"

மனுஷன் கொடுத்துவிட்டான். அதுவும் இன்றைக்குப் பார்த்து.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடலாம். ஊரறிந்த வழக்கம். அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தேர்வு இன்றைக்கு என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

"கிளம்புடி," என்றாள் மகளிடம்.

"நான் எதுக்கும்மா?"

"சொல்லாம இருந்த இல்ல, அதுக்கு."

*

மாமல்லபுரம் வேன் ஸ்டாண்டில் பாட்டு காதைக் கிழித்தது. வரிசையாக நின்ற வேன்களில் வாழைக்கன்று, பலூன், கண்ணாடி தெரியாத அளவுக்கு மாலை. திருஷ்டிப் பூசணி உடைத்த இடத்தில் குங்குமத் தண்ணீர் ஓடியது. ஷாமியானாவின் கீழ் அம்மன் படம். அதற்கு முன்னால் ஜாக்கி, ஸ்பேனர், வீல் கழற்றும் ராடு என்று எல்லாம் குளித்து முழுகியதுபோல் பளபளத்தன. நட்டநடுவில் சிவப்புத் துணி விரித்து அவளுடைய ரைஃபிள்.

அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. கட்டையில் சந்தனம், குழலில் சந்தனம், குறி பார்க்கும் சைட்டிலும் சந்தனம். ஒவ்வொரு சந்தனத்துக்கும் நடுவில் குங்குமம். குழலின் வாயில் ஒரு சாமந்திப் பூவைச் செருகிவைத்திருந்தார்கள்.

ஆனந்தன் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பெண்பார்க்க வந்த அன்றைக்குப் பிறகு அவன் முகத்தில் ஜோதி அப்படியொரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"பாத்தியா ஜோதி? நடுவுல வெச்சிருக்கேன். தலைவரு ஜாக்கியவே ஓரமா தள்ளிட்டேன். இது யாரோடதுன்னு வந்தவனெல்லாம் கேட்டுகினே கீறான். என் பொண்டாட்டிதுன்னு சொன்னேன்."

"யாரு மாமா உன்ன எடுக்கச் சொன்னது?"

சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னாது?"

"மூணு மணிக்கு எனக்கு செலக்‌ஷன். இது இல்லாம நான் இன்னாத்த வெச்சு சுடறது?"

"இன்னிக்கா? என்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ எப்ப கேட்ட, நான் சொல்றதுக்கு?"

டிரைவர்கள் பொரிப் பொட்டலத்தோடு சுற்றி நின்றார்கள். யாரோ பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்கள். குடும்பச் சண்டை தெளிவாகக் கேட்க வேண்டுமே.

"ஆயுத பூஜை அன்னிக்கு எவன் ஆயுதத்த எடுப்பான்? உங்க மேடத்துக்கு போன் போட்டு நாளைக்கு வெச்சுக்கச் சொல்லு," என்றான் ஆனந்தன்.

போட்டாள். ரைஃபிளைப் பூஜைக்கு எடுத்துவந்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். ரத்னா மேடம் முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார். "ஜோதி, மத்தவங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சு. ராத்திரி நான் ஊருக்குக் கிளம்பறேன், வர ரெண்டு மூணு நாள் ஆகும். மூணு மணின்னா மூணு மணி. அது சரி, என் ரைஃபிள் எதுக்கு வேன் ஸ்டாண்டுக்குப் போச்சு?"

"வந்து சொல்றேன் மேடம்," என்று ஜோதி அவசரமாக வைத்துவிட்டாள்.

ஸ்டாண்டு தலைவர் உலகநாதன் வந்தார். சத்தம் போடாத மனிதர். அதனால்தான் எல்லாருக்கும் பயம்.

"தங்கச்சி, சாமிக்கு வெச்சத எடுக்கறது நல்லதில்ல. இத்தினி வண்டி ஓடற எடம். நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் வெக்கலியேண்ணே."

"உன் வூட்டுக்காரன் வெச்சான் இல்ல?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனந்தன் வைத்ததிலும் தப்பில்லை. மேடம் நேரத்தைச் சொன்னதிலும் தப்பில்லை. ஒருத்தர் மேலும் தப்பு இல்லாமல் அவளுடைய மூன்று மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது. யாராவது ஒரு வில்லன் இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். ஜோதிக்கு எரிச்சலாக வந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஷாமியானாவுக்குள் போய் அம்மனைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பிரித்து, இடது கையால் ரைஃபிளை எடுத்தாள்.

"பீச்சாங்கையால எடுக்குது பாரு," என்றான் ஒருத்தன், பின்னாலிருந்து.

ஆனந்தனின் முகத்தைப் பார்க்காமல் வந்திருக்கலாம். பார்த்துவிட்டாள். ஊர் முன்னால் கொடுத்த பரிசை ஊர் முன்னாலேயே திருப்பிக் கொடுத்ததுபோல் அவன் நின்றான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, இன்னும் கோபமாகவும் இருந்தது.

"எடுத்தது எடுத்துட்ட," என்றார் உலகநாதன். "காலைல கற்பூரம் காட்டறதுக்குள்ள இது இங்க திரும்பி வந்துடணும். அது வரைக்கும் ஸ்டாண்டுல ஒரு வண்டியும் நகராது."

*

செங்கல்பட்டு பஸ்ஸுக்கும் மாலை போட்டிருந்தார்கள். மாலை போட்ட பஸ் மாலை போட்ட மாப்பிள்ளைபோல மெதுவாகப் போயிற்று. திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் இறங்கிப் போய் யாரோ கொடுத்த சுண்டலைத் தின்றுவிட்டு வந்தார். ஜோதி பையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"அப்பா பாவம்மா," என்றாள் பிரியங்கா.

"தெரியும், வாய மூடு."

கிளப் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள ஷெட். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பெண்கள் சோதனைக் குண்டுகளைச் சுட்டு முடித்திருந்தார்கள். கணக்கில் சேராத அந்த முதல் குண்டுகளை வைத்துத்தான் ரைஃபிள் எங்கே சுடுகிறது என்று தெரிந்துகொள்வது. ரத்னா மேடம் பையைத் திறந்தார். சாமந்தி இதழ்கள் மேஜையில் உதிர்ந்தன.

"இது துப்பாக்கியா, தேரா?"

"சுத்தம் பண்ணிடறேன் மேடம்."

"குழல்ல பூவ வெச்சுக்கிட்டு எவளாவது சுட்டா என்ன ஆகும்னு முதல் நாளே சொன்னேன். முழுசா சுத்தம் பண்ணிட்டுச் சுடு. சோதனைக் குண்டுக்கு உனக்கு நேரம் இல்ல."

சந்தனம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. முன் சைட்டின் சின்ன வளையத்துக்குள் இறங்கியிருந்ததை பிரியங்காவின் பையிலிருந்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஜோதி ஒத்தி ஒத்தி எடுத்தாள். குங்குமம் விரலோடு வந்தது. குழல் சுத்தமா என்று மேடம் பார்த்துத் தலையசைத்த பிறகு ஓடிப்போய் வரிசையில் நின்றாள்.

தோளில் வைத்ததும் எரிச்சலெல்லாம் கொஞ்சம் விலகியது. கன்னத்தில் கட்டை பட்டது. அதிலிருந்து சந்தன வாசனை போகவில்லை. மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தினாள். கறுப்பு வட்டம் வளையத்துக்குள் வந்து உட்கார்ந்தது. விரலை அசைத்தாள்.

அட்டையில் ஓட்டை தெரியவில்லை. கறுப்பில் விழுந்தால் தெரியாது என்று மேடம் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கறுப்பில்தான் விழுகிறது. அடுத்ததும் தெரியவில்லை. அதற்கடுத்ததும் தெரியவில்லை. ஜோதிக்கு உள்ளுக்குள் சந்தோஷம் ஊற ஆரம்பித்தது. இவ்வளவு அமைதியாக அவள் ஒரு நாளும் சுட்டதில்லை. கடைசிக் குண்டு போனபோது சிரித்துவிட்டாள்.

மேடம் அட்டைகளைக் கொண்டுவந்தார். ஜோதியின் அட்டையை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

கறுப்பில் ஒன்றுமே இல்லை. எல்லாக் குண்டும் மேல் வலது மூலையில், சைட்டின் வளையத்துக்குள் கண்ணுக்குப் படாத வெள்ளை ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. ஒரு ரூபாய்க் காசை வைத்தால் அத்தனையும் மறைந்துவிடும்.

"இவ்வளவு நெருக்கமா இன்னைக்கு யாருமே சுடல," என்றார் மேடம். "ஆனா சுட்டது மூலையில. ஸ்கோர்னு பார்த்தா நீதான் கடைசி." ரைஃபிளை வாங்கிப் பின் சைட்டைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு திருகும் நான் வெச்ச இடத்துல இல்ல. யாரு திருகினது?"

யார் என்று ஜோதிக்கா தெரியாது? குக்கர் கைப்பிடியிலிருந்து கோயில் மணி வரைக்கும், ஆடுகிற திருகைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. சைட்டின் திருகு ஆடத்தான் செய்யும், அதைச் சுற்றித்தான் குறியைச் சரிசெய்வார்கள் என்பது வேன் ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொன்னால் ரைஃபிளும் போய்விடும். வேறு கை படக் கூடாது என்பதுதான் பேச்சு.

"நான்தான் மேடம். லூசா இருக்கிற மாதிரி இருந்துச்சு."

"நீயா?"

"ஆமா மேடம்."

மேடம் அவளை உற்றுப் பார்த்தார். "உன் தப்புன்னா உன் ஸ்கோர். மூணாவது பேரு விஜயகுமாரி. நீ அடுத்த வருஷம் பாரு. ரைஃபிள வெச்சுக்க, பழகறத விடாத."

விஜயகுமாரி ஓடிவந்து ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். சுடும்போது கை நடுங்குகிற பெண். ஜோதி அவளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுத்துக்கொண்டே உள்ளே வெந்தாள். ஒரு வருஷம் என்றாலும் போகட்டும், ரைஃபிள் கையில் இருக்கிறது, அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது வாசலில் வேன் சத்தம் கேட்டது.

வாழைக்கன்றும் பலூனுமாக ஆனந்தனின் வேன். நாளைக் காலை வரை நகரக் கூடாத வேன். கதவைத் திறந்து இறங்கியவன் நேராக ஷெட்டுக்குள் வந்து கைகூப்பினான்.

"வணக்கம் மேடம். நான் ஜோதி வூட்டுக்காரரு. அவ மேல ஒண்ணும் தப்பில்ல, நான்தான் தெரியாம எடுத்துகினு போயிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"மாமா, வெளிய வா," என்றாள் ஜோதி.

"இரும்மா, முக்கியமானத சொல்லிடறேன்." அவன் மேடத்தின் கையிலிருந்த ரைஃபிளைக் காட்டினான். "பின்னாடி ரெண்டு திருகு கடகடன்னு ஆடிகினே இருந்துச்சு மேடம். எத்தினி நாளா அப்படியே கெடந்துச்சோ. நானே நல்லா டைட் பண்ணிட்டேன். இனிமே ஆடாது."

பிரியங்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனந்தன் பாராட்டுக்குக் காத்திருப்பவன்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

மேடம் ரைஃபிளைத் திருப்பித் தரவில்லை. பையில் வைத்து, இரும்பு அலமாரிக்குள் வைத்து, பூட்டினார்.

"தப்பு பண்ணினதுகூடப் பரவாயில்ல ஜோதி," என்றார். "என்கிட்ட பொய் சொன்ன பாரு."

*

வேனுக்குள் பலூன் ஒன்று தானாக வெடித்தது. யாரும் திடுக்கிடவில்லை.

பிரியங்கா பின்சீட்டில் கிடந்தாள். ஜோதி முன்சீட்டில் மூலையில் ஓட்டை விழுந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்த வேண்டும் என்று இருந்தது. எதை எடுத்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

ஆனந்தன் சாவியைப் போட்டவன் திருகவில்லை. அட்டையை எட்டிப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே எடத்துலதான போயிருக்குது. நல்லாத்தான சுட்டிருக்க?"

"நடுவுல சுடணும் மாமா."

அவன் ஓட்டையைப் பார்த்தான். நடுவைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். மெக்கானிக் புத்தி உள்ளவன், விளங்கிக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

"நான் திருகினதாலயா?"

ஜோதி அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பூஜைல இருந்த வண்டிய எடுத்துகினு ஓடியாந்தேன். நீ அப்படிப் போனது தாங்கல ஜோதி. நீ சுடறத ஒரு தடவையாவது பாக்கணும்னு தோணுச்சு. இதுவரைக்கும் பாத்ததே இல்லியேன்னு." அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வந்து இதையும் கெடுத்துட்டேன்."

அவனுடைய கைபேசி அடித்தது. திரையில் 'தலைவர்'. ஆனந்தன் வெட்டிவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினான். மூன்றாம் முறை அவன் கை அதைத் தொடவே தயங்கியது. அவன் பயந்திருக்கிறான் என்பதை ஜோதி பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் இடது கையை நீட்டிக் கைபேசியை எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே, ஜோதி பேசறேன். வண்டிய எடுத்துகினு வரச் சொன்னது நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

ஆனந்தன் வாயைத் திறந்தான். அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான். இன்றைக்கு ஒரு உண்மையை அவன் சொன்னது போதும்.

மறுமுனையில் உலகநாதனின் குரல் உயரவில்லை.

"சரி தங்கச்சி. நடந்தது நடந்துபோச்சு. காலைல கற்பூரம் காட்டறப்ப வண்டியும் துப்பாக்கியும் அம்மன் முன்னால நிக்கணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் உன் வூட்டுக்காரன் இனிமே இந்த ஸ்டாண்டுல வண்டிய போட வேணாம். இது நான் மட்டும் சொல்றதில்ல, எல்லாரும் உக்காந்து பேசி முடிச்சாச்சு."

ஜோதி ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தாள். விளக்கை அணைத்து, கதவை இழுத்துப் பூட்டி, ரத்னா மேடம் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் ஊருக்குப் போகும் பை. ஸ்கூட்டர் கிளம்பி செங்கல்பட்டு ரோட்டில் ஏறியது.

"வந்துடும்ணே," என்றாள் ஜோதி. "ரெண்டும் வந்துடும்."